ஒரே கடி, இரண்டு மரம்

கோவைக்கு மேற்கே தடாகம், ஆனைகட்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் தென்னையும் மாவும் அடுத்தடுத்து நிற்கும். இரண்டையும் இரவில் கடித்துவிட்டுப் போவது ஒரே முள்ளம்பன்றிதான். கடித்த உயரமும் ஒன்றே. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. அகன்ற முன்பற்கள் இணையிணையாக இழுத்த பள்ளங்கள், அடியில் சில்லுகள், சில நாள் கறுப்பு வெள்ளை முள் ஒன்று. பார்வைக்கு இவ்வளவு ஒத்த காயம் ஒரு மரத்துக்குச் சொல்வதை மற்றதற்குச் சொல்வதில்லை.

மாமரத்தின் இலைகள் ஆக்கிய உணவு வேருக்கு இறங்கும் வழி பட்டையில்தான் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம். பல் ஆழமாக இறங்க வேண்டியதில்லை. தண்டைச் சுற்றி ஒரு முழு வளையம் உரிந்தால் போதும், வேர் பட்டினியாகிவிடும். தென்னைக்கோ கேம்பியமே கிடையாது. அதன் குழாய்க் கற்றைகள் தண்டெங்கும் பரவிக் கிடக்கின்றன. கை நுழையும் அளவு குடைந்த பிறகும் உச்சியில் குருத்து விட்டுக்கொண்டிருக்கும் தென்னைகள் உண்டு.

இதை வைத்துத் தென்னையே வலியது என்று தீர்ப்பு எழுத முடியாது. மாமரத்தில் ஒரு பக்கப் பட்டை தப்பியிருந்தால், காயத்தின் விளிம்பிலிருந்து புதுப்பட்டை சுருண்டு வந்து சில ஆண்டுகளில் மூடிவிடுகிறது. தென்னையின் காயம் அது நிற்கும் காலம் வரை திறந்தே இருக்கும். மாவுக்கு ஆறத் தெரியும், முழு வளையத்தைத் தாங்கத் தெரியாது. தென்னைக்குத் தாங்கத் தெரியும், ஆறத் தெரியாது.

இத்தனை வேற்றுமைக்கும் அடியில் ஓர் உறவு இருக்கிறது. இரு மரங்களிலும் கடிக்குப் பின்னால் வருவது வண்டு. தென்னையின் பச்சைக் காயத்து வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடுகிறது. மாவின் சிதைந்த பட்டையில் தண்டு துளைப்பான் இடுகிறது. இரண்டின் புழுக்களுக்கும் கால் இல்லை. இரண்டும் உள்ளேயே தின்று வளர்கின்றன. வெளியே ஓலை தொங்கும்போதோ கிளை காயும்போதோ காலம் கடந்திருக்கும். மாமரம் இன்னும் ஏமாற்றும்: நீர் கட்டை வழியே ஏறிக்கொண்டிருப்பதால், முழு வளையம் உரிந்த பிறகும் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். பிழைத்துவிட்டது என்று நம்பி விட்டுவிடுகிறோம். எனவே, கடியைக் கண்ட அன்றே காயத்தை மூட வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

மருந்தும் பொதுவே: போர்டோ பசை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்து, அதில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இக்கலவையின் பிறப்பே நம் கதைக்கு நெருக்கமானது. பிரான்சின் போர்டோ பகுதியில் வழிப்போக்கர்கள் திராட்சை பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் இதைத் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளை அடிச்சாம்பல் நோய் தொடவில்லை என்று கண்ட தாவரவியலாளர் மில்லார்டே 1885இல் அதை வெளியிட்டார். வேலியாக வந்தது மருந்தானது.

பூசும் முறையில் வழிகள் பிரிகின்றன. தென்னையில் அழுகிய நாரைச் செதுக்கிப் பசை தடவி, பள்ளம் ஆழமானால் சிமெண்டு வைத்து அடைக்கலாம். மாவில் சிமெண்டு கூடாது. புதுப்பட்டை வரும் வழியை அது மறிக்கும். கிழிந்த விளிம்பை உயிர்ப்பட்டை வரை கத்தியால் சீர்செய்தால் போதும். வளையம் முழுதும் போயிருந்தால், அதே மரத்தின் குச்சிகளைக் காயத்துக்கு மேலும் கீழும் பட்டைக்குள் செருகிப் பாலமாக ஒட்டலாம். தென்னைக்கு இந்த வழி இல்லை.

விலங்கைக் கண்ணி வைத்துப் பிடிக்க நினைப்பது தவறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு முள்ளம்பன்றிக்கும் உண்டு, சுருக்கில் வேறு உயிரும் சிக்கும். கம்பிவலையே நேர்மையான தடுப்பு. முள்ளம்பன்றி மண் தோண்டும் விலங்கு என்பதால் வலையின் அடியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். தென்னைத் தண்டு பருக்காது. ஒருமுறை கட்டிய வலை அப்படியே நிற்கும், ஆனால் ஆணி அடித்தால் அதுவும் ஆறாத காயம். மா ஆண்டுதோறும் பருக்கும். வலையை விலக்கிக் கட்டி, வருடத்துக்கு ஒருமுறை தளர்த்தாவிட்டால், முள்ளம்பன்றி விட்ட வளையத்தைக் கம்பி போட்டுவிடும்.