மூலமும் பதிலியும்

முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தை நேரிற் கண்டோர், ஆட்டக்காரரின் காலடியும் மத்தளத்தின் அடியும் ஒரே கணத்தில் விழுவதை எளிதில் மறவார். ஆட்டத்தின் உயிர் அக்கணத்திலேயே தங்கியுள்ளது. இன்று அக்கூத்தை உயர்தெளிவுக் கமராவிற் பதிந்து, வீட்டிலுள்ள எளிய கணினியில் ஏற்றித் தொகுக்க முற்படும் இளைஞர் முதலிற் காண்பது வேறொரு காட்சியாகும். மத்தளம் தடையின்றி ஒலித்துச் செல்ல, படமோ தயங்கித் தயங்கி நகர்கின்றது. தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, அடுத்த கணம் ஆட்டக்காரர் களரியின் மறுபுறத்தில் தோன்றுகின்றார். எவ்விடத்தில் வெட்டுவதென அறிய இயலாது தொகுப்பாளர் திகைக்கின்றார். புதிய கணினியொன்றின் விலையை விசாரிக்கப் புறப்படுவோரும் உளர். ஆயின் இத்தொல்லைக்குரிய பரிகாரம் கணினிக்கு முந்தியது.

திரைப்படம் செலுலாயிட் சுருளாயிருந்த காலத்தில், கமராவிலிருந்து வந்த மூலச்சுருளின்மீது தொகுப்பாளர் எளிதிற் கத்தரி வைக்கத் துணியார். மூலத்திலிருந்து வேலைப் பிரதியொன்று அச்சிடப்படும். இவான் செருரியர் என்பார் 1924இல் அறிமுகஞ்செய்த மூவியோலா போன்ற பொறியில் அப்பிரதியை ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்டி, மனம் நிறையாவிடில் மீண்டும் பிரித்து ஒட்டுவர். அதிற் கீறல் விழுந்தாலும் கேடில்லை. சுருளின் ஓரத்திலுள்ள இலக்கங்கள் மூலத்திலும் பிரதியிலும் ஒன்றேயாதலால், யாவும் முடிவான பின்னர் அவ்விலக்கங்களின் வழியே மூலச்சுருள் வெட்டப்படும். கோடம்பாக்கத்துக் கலையகங்களிலும் இம்முறையே வழங்கிற்று.

1956இல் அம்பெக்ஸ் நிறுவனம் ஒளிநாடாப் பதிவுப்பொறியை வெளியிட்டது. நாடாவிற் படத்தைக் கண்ணாற் காணவியலாது, தொகுப்பது பெரும்பாடாயிற்று. 1971இல் அமெரிக்காவில் உருவான சி.எம்.எக்ஸ். 600 என்னும் பொறியே, விரும்பிய காட்சியை விரும்பிய ஒழுங்கில் உடனே எடுத்துப் பார்க்கும் வசதியை முதலில் அளித்தது. அதன் விலை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டொலர். அத்துணை விலைபெற்ற பொறியும் வண்ணப் படத்தைக் காட்டவில்லை என்பது வியப்புக்குரியது. குறைந்த தெளிவுடைய கறுப்பு வெள்ளைப் பிரதியையே அது வட்டுகளிற் சேமித்தது. தொகுப்பாளரின் முடிவுகள் குறிக்கப்பட்ட பின், தரமான மூலநாடாவிலிருந்து இறுதிப் படம் ஆக்கப்பட்டது. 1989இல் வந்த அவிட் நிறுவனத்தின் கணினிப் பொறியும் மங்கிய படங்களைக் கொண்டே தொகுத்தது. பொறிவல்லார் தம் பொறியின் வலிமைக்கேற்பப் படத்தை இளைக்கச் செய்தனரேயன்றி, படத்தின் பருமனுக்கேற்பப் பொறியை வளர்த்துக்கொண்டே செல்லவில்லை.

இன்றைய படம் எத்துணைப் பருமனுடையது? 4கே எனப்படும் படச்சட்டம் ஒன்றில் 3,840க்கு 2,160 என்ற அளவில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள. விநாடிக்கு 25 சட்டங்களெனில், 20 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கணினி விநாடிதோறும் உருவாக்கல் வேண்டும். இரணைமடுக்குளத்து நீர் முழுவதையும் ஒரே வாய்க்காலில் விடுவதற்கு ஒப்பானது இது.

பருமன் மட்டுமே காரணமன்று. 2003இல் வகுக்கப்பட்ட எச்.264, 2013இல் வந்த எச்.265 ஆகிய சுருக்க முறைகளிற் பொதுவாக எல்லாச் சட்டங்களும் முழுமையாகப் பதியப்படுவதில்லை. ஒரு சட்டம் முழுமையாகவும், தொடர்வன மாற்றங்களாக மட்டுமே நின்றும் பதிகின்றன. இடையிலுள்ள ஒரு சட்டத்தைக் காட்டவேண்டின், கணினி முழுச்சட்டத்துக்குத் திரும்பிச் சென்று அங்கிருந்து கட்டியெழுப்ப வேண்டும். தொகுப்பாளரோ முன்னும் பின்னும் தாவிக்கொண்டேயிருப்பவர். ஒலிக்கு ஈடுகொடுக்க இயலாத கணினி சில சட்டங்களைக் கைவிட்டு விடுகின்றது. காலடி தவறுவது இதனாலேயே. எடுத்துச் செல்லவும் பார்த்து மகிழவும் அமைந்த சுருக்கம் வெட்டுவதற்கு இசைவதில்லை.

ஆகவே பழைய வேலைப் பிரதி இன்று பதிலிப் பிரதியென்னும் பெயரில் மீண்டுள்ளது. மூலப் பதிவு ஒவ்வொன்றுக்கும், சட்டந்தோறும் முழுமையாகப் பதியும் முறையில், அளவிற் சிறிய பிரதியொன்றை மென்பொருளே ஆக்கித் தரும். தொகுப்பு முழுவதும் அதன்மீதே நிகழும். அவசரத்துக்கு, படத்தை அரை அல்லது காற்பங்குத் தெளிவில் ஓடவிட்டும் பார்க்கலாம். மெதுவான புறவன்தட்டிலிருந்து நேரே படிக்க வைப்பதும் பலவிடத்து இடர் தருவதே.

வன்னியிற் படத்தொகுப்பு, வசதி மிகுந்த சூழலில் வளர்ந்ததன்று. போர்க்காலத்தில் அப்பெருநிலத்தின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலையின் மின்சாரம் இல்லை, மின்பிறப்பாக்கிகளே துணை. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு ஒளிப்பதிவுகளைத் தயாரித்ததும், ஜான் மகேந்திரன் இயக்கி 2006இல் வெளிவந்த 'ஆணிவேர்' அங்கு படமாக்கப்பட்டதும் அக்காலத்திலேயாம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009இல் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில், மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் திருமணப் படங்களையும் ஒளிநாடாக்களையும் வழியிலே விட்டுச் சென்றன. பெற்றோரின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் எஞ்சாத வீடுகள் அங்குண்டு.

இந்நிலையில், வன்தட்டில் இடம் போதாதென மூலப் பதிவை அழித்துவிட்டு, தொகுப்புக்கென ஆக்கிய சிறு பிரதியை மட்டும் வைத்துக்கொள்வது பொறுக்கத்தக்கதன்று. பதிலியை மூலத்திலிருந்து எத்தனை முறையும் ஆக்கலாம். பதிலியிலிருந்து மூலத்தை மீட்டல் இயலாது. மூலத்தின் இரு படிகள் வேறு வேறு வீடுகளில் இருத்தல் நன்று.

தொகுப்பு முடிந்ததும் மென்பொருள் பதிலியை விலக்கி, வெட்டுக் குறிப்புகளை மூலத்துடன் பொருத்துகின்றது. எளிய கணினியாயின் இறுதிப் படத்தை ஆக்க ஓர் இரவு முழுவதும் பிடிக்கக்கூடும். இடையில் மின்சாரம் நில்லாதிருப்பின், விடியற்காலையில் கூத்தரின் கால் மத்தளத்தின் அடியோடு சேர்ந்தே களரியில் விழும்.