நீலகிரி வயநாட்டில் தங்கம் தேடிய காலம்

கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரங்கோடு ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள மலைக்காட்டுக்கு நீலகிரி வயநாடு என்று பெயர். மலபார் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி 1877இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் லண்டன் பங்குச் சந்தையில் இதன் பெயர் பலமாக அடிபட்டது. காரணம், தங்கம்.

தங்கம் இருப்பதை முதலில் அறிந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல. குறும்பரும் பணியரும் நெடுங்காலமாக ஓடை மணலை மரத்தட்டில் அரித்துப் பொன்துகள் எடுத்துவந்தனர். மலைச்சரிவுகளில் கிடந்த பழைய குழிகளும் சுரங்கப் பொந்துகளும், குவார்ட்ஸ் எனப்படும் வெள்ளைக்கல் இடித்துக் குழிவிழுந்த பாறைகளும் பின்னால் வந்தவர்களுக்கு வழிகாட்டின. இந்தப் பழைய உழைப்பு இல்லாமல் வயநாட்டுத் தங்கத்தின் வரலாறே கிடையாது.

அந்நாளில் தங்கம் தேடிப் போக ஏற்ற காலம் மார்கழியும் தையும். ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை விடாது, அட்டைக்கடி வேறு. மார்ச் முதல் மழை இறங்கும்வரை மலைக்காய்ச்சல் ஆளைச் சாய்க்கும். இடையில் வரும் இதமான குளிர் நாட்களில் ஓடை மெலிந்து கரைச் சரளை வெளியே தெரியும். வெள்ளைக்கல்லில் துருநிறக் கறை கண்டால் உடைத்து, இரும்பு உரலில் பொடியாக்கி, தட்டிலிட்டு நீரூற்றிச் சுழற்றுவார்கள். லேசான மண் நீரோடு போகும். மிஞ்சிய கருமணலின் விளிம்பில் மஞ்சள் கீற்றுத் தெரிந்தால் போதும், அந்தச் சரிவுக்கு விலை ஏறிவிடும்.

யாருடைய சரிவு என்பதில்தான் சிக்கல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சாதாரண ஆளும் உரிமச்சீட்டு வாங்கி, அரசு நிலத்தில் முளையடித்துத் தன் பங்கைத் தோண்ட முடிந்தது. வயநாட்டில் நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம உரிமையில், அதாவது பரம்பரை நிலவுடைமையில், இருந்தது. அதில் குத்தகைக்குக் காப்பி பயிரிட்ட துரைமார், தண்டுத்துளைப்பானாலும் இலைநோயாலும் நொடித்துப்போயிருந்தனர். விளையாத தோட்டத்தைத் தங்கக்காடு என்று விற்க அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. மணலை அரித்த பழங்குடியினருக்கு இந்தப் பேரத்தில் ஒரு பிடி மண்ணும் வரவில்லை.

1874இல் தேவாலாவில் ஆல்ஃபா கம்பெனி வேலையைத் தொடங்கியது. 1879இல் விக்டோரியாவின் முன்னாள் சுரங்கத்துறைச் செயலர் பிரஃப் ஸ்மித்தை இந்திய அரசு ஆய்வுக்கு வரவழைத்தது. அவருடைய நம்பிக்கையான அறிக்கையைக் காட்டி, இங்கிலாந்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. அவை அறிவித்த மூலதனம் ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு. பந்தலூர் காட்டுக்குள் திடீரென ஒரு நகரம்போல முளைத்தது.

ஆனால் பிழை, ஆய்வுக்கு எடுத்த மாதிரிக் கற்களிலேயே இருந்தது. மேற்பரப்பில் வெயிலும் மழையும் கந்தகக் கனிமத்தைச் சிதைத்துத் தங்கத்தை விடுவித்திருந்தன, அதனால் அங்கே எடுத்த கல் நல்ல பலன் காட்டியது. ஆழத்தில் தங்கம் குறைவு, இருந்ததும் கந்தகக் கனிமத்துக்குள் சிக்கியிருந்தது. டன் கல்லை இடித்தாலும் சில கிராமுக்குமேல் தேறவில்லை. அதற்குள் பணம் நிலத்தின் விலைக்கும், மலைப்பாதையில் ஏற்றிவந்த இடிப்பு இயந்திரங்களுக்கும் கரைந்துபோயிருந்தது. ஆழத்தைச் சோதித்த பிறகு இயந்திரம் வாங்கியிருந்தால் இவ்வளவு நாசம் நேர்ந்திருக்காது. 1882க்குள் கம்பெனிகள் சரியத் தொடங்கின, பல இயந்திரங்கள் துருப்பிடித்தன. அதே காலத்தில் தொடங்கிய கோலார் தங்கவயல், வட ஆற்காட்டுத் தமிழர் உள்ளிட்ட தொழிலாளர்களின் உழைப்பால் 2001 வரை தங்கம் தந்தது.

வயநாட்டு நிலம் மெல்லத் தேயிலைக்கு மாறியது. ஜென்ம உரிமையை 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆனாலும் நிலத்தகராறுகள் நீதிமன்றங்களில் நீண்டன. தேவாலாவின் கைவிடப்பட்ட குழிகளில் திருட்டுத்தனமாகத் தோண்டுவதும், மண் சரிந்து ஏழைத் தொழிலாளர்கள் சாவதும் அண்மைக்காலம்வரை தொடர்ந்திருக்கின்றன.