எனாமல் போர்டு பிறந்த கதை

எனாமல் போர்டு என்று நாம் சொல்வது இரும்புத் தகட்டின்மேல் உருகி ஒட்டிய கண்ணாடி. பெயிண்ட் அல்ல. மதுரைச் சித்திரை வெயிலில் பெயிண்ட் சில வருடங்களில் வெளிறி உதிர்ந்துவிடும். ஐம்பது அறுபது கோடைகளைப் பார்த்த எனாமல் போர்டையோ ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும், சிவப்பு சிவப்பாகவே இருக்கும்.

அந்த ஆயுளுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு பெரிது. தகட்டை வெட்டி, ஆணித் துளைகளை முதலிலேயே போட்டுவிட வேண்டும். பூச்சு ஏறிய பிறகு துளைத்தால் கண்ணாடி தெறித்துவிடும். துருவும் பிசுக்கும் போக அமிலத்தில் கழுவி, கண்ணாடிப் பொடியைக் குழைத்த கூழைப் பூசிக் காயவைத்து, 800 டிகிரி செல்சியசை ஒட்டிய சூளையில் சில நிமிடங்கள் வைப்பார்கள். முதல் பூச்சில் கோபால்ட் சேர்ப்பது வழக்கம். இரும்பும் கண்ணாடியும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள அது உதவுகிறது. அடுத்தது வெள்ளை. அதன்பின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பூச்சு, ஒரு ஸ்டென்சில், மறுபடி சூளை. நாலு நிறப் போர்டு என்றால் அத்தனை தடவை தீக்குளித்து வந்தது என்று அர்த்தம். பழைய போர்டின் எழுத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மெல்லிய மேடு விரலில் தட்டுப்படும்.

இரும்பில் கண்ணாடி பூசும் வித்தை ஐரோப்பாவில் பாத்திரங்களுக்காக வளர்ந்தது. செட்டிநாட்டு வீடுகளில் பரணில் கிடக்கும் எனாமல் தூக்குகள்தான் இந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளைகள். விளம்பரப் பலகைக்கென்றே பெரிய தொழிற்சாலை எழுந்தது இங்கிலாந்தில், பர்மிங்காமை ஒட்டிய செல்லி ஓக்கில், 1889இல். பேட்டன்ட் எனாமல் கம்பெனி என்று பெயர். காலம் அதற்குக் கனிந்திருந்தது. அதற்கு முன்பெல்லாம் சோப்பைப் பெரும்பாலும் கட்டியிலிருந்து அறுத்து, நிறுத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் கிடையாது. 1880களில் சன்லைட் போன்ற சோப்புகள் உறை போட்டு, பெயர் சூட்டிக்கொண்டு வந்தன. பெயர் வைத்த சரக்கை விற்க, அந்தப் பெயர் ஜனங்களின் நாக்கில் நிற்க வேண்டும். ரயில் போகும் இடமெல்லாம் மழைக்கும் புகைக்கும் அசையாத ஒரு பலகை தேவைப்பட்டது.

மதுரைக்கு ரயில் 1875இல் வந்தது. அந்தத் தண்டவாளம் வழியே பெயருள்ள சரக்குகளும், அவற்றுக்குப் பின்னே போர்டுகளும் வந்தன. எஸ் என்ற பெரிய எழுத்துக்குள் ஒரு பெண் உட்கார்ந்து தைக்கும் சிங்கர் மெஷின் போர்டு, மண்ணெண்ணெய் போர்டு, சோப்பு போர்டு, டீ போர்டு.

டீ போர்டின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தியத் தேயிலை கப்பலேறுவதற்காக விளைந்தது. இங்கே அதைக் குடிக்க ஆளில்லை. விளம்பரச் செலவுக்காக 1903இலேயே தேயிலை மீது தீர்வை போட்டார்கள்; ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் வெளிநாட்டுச் சந்தைக்கே போனது. 1930களின் பெருமந்தத்தில் விலை சரிந்தது. 1933இல் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு அளவு கட்டியது. கிடங்கில் தேங்கிய தேயிலையை என்ன செய்வது? அப்போதுதான் கம்பெனிகளின் கண் இந்த நாட்டு மக்கள் மீது திரும்பியது. 1937இல் தேயிலைத் தீர்வைக் குழு, இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் என்று பெயர் மாறி ஊர் ஊராக இறங்கியது. சந்தையிலும் திருவிழாவிலும் டீ போட்டுக் காட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். ரயில் நிலையங்களில் டீ போடும் முறையை நாட்டு மொழிகளிலேயே எழுதிய எனாமல் பலகைகளை அறைந்தார்கள். இன்று நடுராத்திரியிலும் பெரியார் பஸ் நிலையத்தைச் சுற்றி டீ ஆற்றிக்கொண்டிருக்கும் இந்தத் தூங்கா நகரம் இதை நினைத்துப் பார்க்கலாம். நம் பாட்டன்மார் குடிக்கக் கற்றுக்கொண்ட டீ, விற்காமல் தேங்கிய சரக்கு.

எனாமலுக்கு ஒரு குணம் உண்டு: ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். உள்ளூர் வியாபாரிக்கு அது எட்டாத செலவு. ஆகவே பொடிக் கடையும் வைத்தியசாலையும் பெயிண்டரைத் தேடிப் போயின. சுண்ணாம்புச் சுவரில் நூல் பிடித்துக் கோடு போட்டு, கையால் எழுதினார்கள். மதுரையின் கோபால் பல்பொடியோ இலங்கை வானொலியில் ஏறி, கடல் கடந்த தமிழர் வீடுகளிலும் ஒலித்தது. 2000ஐ ஒட்டி ஃப்ளெக்ஸ் வந்தபோது எனாமலோடு அந்த பெயிண்டர்களின் பிழைப்பும் சேர்ந்தே அடிபட்டது. அந்த இழப்பு இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

கழற்றிப் போட்ட போர்டுகள் இரும்பு விலைக்குப் போயின. அவற்றின் மதிப்பை முதலில் உணர்ந்தவர்கள் அவை பிறந்த நாட்டுக்காரர்களே: கிறிஸ்டோபர் பேக்லியும் ஆண்ட்ரூ மார்லியும் 1978இல் ‘ஸ்ட்ரீட் ஜுவல்லரி’ என்ற நூலை வெளியிட்டார்கள். நம் நாட்டில் ஹனீஃப் குரேஷி தெரு பெயிண்டர்களின் எழுத்தைக் கணினி எழுத்துருவாக்கி, ‘பெயிண்டர் கஃபீல்’, ‘பெயிண்டர் உமேஷ்’ என்று எழுதியவர்களின் பெயரையே அவற்றுக்கு வைத்தார். எனக்கு மிகப் பிடித்த செயல் அது. 2024இல் அவர் காலமானார்.

நம் பக்கத்தில் பழைய போர்டு தேடுகிறவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறார்கள். அங்கே வாங்குவதற்கு முன் போர்டின் வயதைப் படிக்கக் கற்க வேண்டும். பர்மா ஷெல் என்ற எண்ணெய் கம்பெனியின் பெயர் இருந்தால் 1928க்கும் 1976க்கும் இடைப்பட்டது. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது. ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. துதிக்கை தூக்கிய பழைய ‘லை’, ‘னை’ இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாகக் கொள்ளலாம். ஆனால் பெரியார் 1935 முதலே தம் இதழ்களில் புதிய எழுத்தைப் பயன்படுத்தினார், பெயிண்டர்கள் பலர் 1978க்குப் பிறகும் பழையதை விடவில்லை. ஆகவே அந்த ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. துரு ஆணித் துளையிலிருந்து பரவியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாகச் செய்து பழசாக்கியதில் துரு எங்கெங்கோ சமமாக அப்பியிருக்கும்.

ஆனாலும், வாங்குவதைவிடப் படம் எடுப்பதையே நான் மேலாக நினைக்கிறேன். ரெஸ்டாரன்ட் சுவரில் தொங்கும் சிங்கர் போர்டுக்கு அது எந்தத் தையல்காரருக்கு மேலே இருந்தது என்று சொல்லத் தெரியாது. கீழ மாசி வீதியிலோ திருமங்கலம், மேலூர்ச் சாலையிலோ ஒரு போர்டு இன்னும் தன் ஆணியிலேயே இருந்தால் காலை ஏழு மணிக்குப் போங்கள். உச்சி வெயிலில் எனாமல் கண்ணாடிபோல் எதிரொளித்து எழுத்தை விழுங்கிவிடும். முதல் படம் எதிர்ச்சாரியில் நின்று கடை முழுக்க, பக்கத்துக் கடைகளும் தெரிய. இரண்டாவது நேருக்கு நேர். மூன்றாவது மூலையில் பொடியாக இருக்கும் தயாரிப்பாளர் பெயர் அல்லது பெயிண்டர் கையெழுத்து. கடைக்காரரிடம் கேட்டு, யார் மாட்டியது, கடை அப்போது என்ன விற்றது என்பதைத் தெருப் பெயரோடும் தேதியோடும் அன்றைக்கே எழுதிவையுங்கள். அவர் அனுமதித்தால் அவரையும் போர்டுக்குக் கீழே நிற்கச் சொல்லி ஒரு படம் எடுங்கள்.