புள்ளிக் கணக்கும் நீதியும்: போர்முலா 1 விதிமாற்றங்கள் பற்றி

ஒருவரே தொடர்ந்து வென்றுகொண்டிருந்தால் பார்ப்பவர்களுக்குச் சலித்துப் போகிறது; ஒளிபரப்பாளர்களுக்குக் கவலை பிடிக்கிறது; அடுத்த பருவத்துக்குள் விதி மாறிவிடுகிறது. போட்டியைச் சமப்படுத்தவே மாற்றம் என்று காரணமும் சொல்லப்படுகிறது. ஆனால் போட்டி நெருக்கமாவது வேறு, நீதியாவது வேறு. நெருக்கத்தை உண்டாக்க ஒரு பேனா போதும்.

2003ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்திய பருவத்தில் மைக்கேல் ஷூமாக்கர் ஆறு பந்தயங்கள் மீதமிருக்கும்போதே பட்டத்தைக் கைப்பற்றியிருந்தார். அடுத்த ஆண்டே இரண்டாம் இடத்துக்கான புள்ளி 6இலிருந்து 8ஆக உயர்ந்தது. முதலிடத்துக்கு அதே 10. புள்ளி பெறுவோர் ஆறு பேரிலிருந்து எட்டுப் பேராயினர். முடிவு: ஷூமாக்கர் 93, கிமி ராய்க்கோனன் 91. பட்டம் கடைசிப் பந்தயமான ஜப்பான் வரை இழுபட்டது. அதே பந்தய முடிவுகளைப் பழைய முறையில் கூட்டிப் பார்த்தால் 77க்கு 67 வருகிறது; ஜப்பானுக்கு முந்திய அமெரிக்கப் பந்தயத்தோடே கதை முடிந்திருக்கும். ஷூமாக்கர் அந்த ஆண்டில் ஆறு பந்தயங்களை வென்றார், ராய்க்கோனன் ஒன்றே ஒன்றை. ஓடுபாதையில் இருந்த இடைவெளி குறையவில்லை. அதை அளந்த கோலைத்தான் மாற்றினார்கள். இதை அநீதி என்றும் சொல்ல முடியாது. பருவம் தொடங்குமுன்பே அறிவிக்கப்பட்ட விதி அது, எல்லோருக்கும் ஒன்றே. தொடர்ந்து முன்னணியில் முடிப்பவரை அது கூடுதலாக மதித்தது. நல்ல முறையா என்று வாதிடலாம், அவ்வளவுதான்.

2005இன் டயர் விதி இதைவிடச் சிக்கலானது. தமிழ் வாசகருக்கு அதில் தனிப்பட்ட ஈடுபாடும் உண்டு. தகுதிகாண் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே தொகுதி டயர்தான், இடையில் மாற்றக்கூடாது என்றது அந்த விதி. பழுதோ ஆபத்தோ இருந்தால் மட்டும் விலக்கு. வேகத்தைக் குறைப்பதற்கு என்றே அறிவித்தார்கள். நடந்ததோ, 2004இல் 18 பந்தயங்களில் 15ஐ வென்ற ஃபெராரி, பிரிட்ஜ்ஸ்டோன் டயரோடு தடுமாறி 19இல் ஒன்றை மட்டுமே வென்றது. மே 29இல் நியூர்பர்க்ரிங்கில் முன்னணியில் ஓடிய ராய்க்கோனனின் முன்டயர் ஒருபக்கம் தேய்ந்து தட்டையாகி, அதன் அதிர்வில் கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் முறிந்தது. கைக்கெட்டிய 10 புள்ளிகள் போயின. வெற்றி பெர்னாண்டோ அலோன்சோவுக்கு, ஆண்டிறுதியில் பட்டமும் அவருக்கே.

அதற்கு மூன்று வாரம் கழித்து இண்டியானபொலிஸ். சாய்தளமான 13ஆம் வளைவில், வெள்ளிக்கிழமைப் பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவில் இடது பின்டயர் வெடித்தது. அந்தப் பாரத்தைத் தமது டயர்கள் முழுப் பந்தயத்துக்கும் தாங்கும் என்று மிஷலின் நிறுவனத்தாலேயே உறுதி சொல்ல முடியவில்லை. வளைவுக்கு முன் வேகத்தடுப்புத் திருப்பமொன்றைப் போடும்படி அணிகள் கேட்டன. சர்வதேச மோட்டார் சம்மேளனம் மறுத்தது: சரியான டயரோடு வந்தவர்களுக்கு அது அநீதி என்பது அதன் வாதம். ஜூன் 19 அன்று மிஷலின் பூட்டிய 14 கார்களும் முன்னோட்டச் சுற்றோடு பிட்டுக்குள் திரும்பிவிட்டன. மிச்சம், பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு. கூட்டம் போத்தல்களை ஓடுபாதையில் வீசியது. ஜோர்டான் அணியின் நரேன் கார்த்திகேயன், கோயம்புத்தூர்க்காரர், நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். போர்முலா 1இல் இந்திய ஓட்டுநர் ஒருவருக்குக் கிடைத்த புள்ளிகள் அவை மட்டுமே.

அந்தப் புள்ளிகளை இலவசமென்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விதி என்ன கேட்டதோ அதை அவரது கார் நிறைவேற்றியது. ஓடாதவர்கள் ஓடாததற்கு அவர் பொறுப்பல்ல. சம்மேளனத்தின் மறுப்பும், பார்க்க வந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்தாலும், நீதியின் பக்கம்தான் நின்றது. முதல்நாள் இரவில் பாதையை மாற்றுவது, தயாராகி வந்தவனைத் தண்டித்துத் தயாராகாதவனைக் காப்பாற்றுவதாகும். 2006இல் டயர் மாற்றம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பருவத்தின் தொடக்கத்தில், எல்லோரும் அறிய.

இதற்கு நேரெதிர் 2021 டிசம்பர் 12, அபுதாபி. லூயிஸ் ஹமில்டனும் மேக்ஸ் வெர்ஸ்டப்பனும் தலா 369.5 புள்ளிகளோடு வந்தார்கள். இதைவிட நெருக்கம் கேட்க முடியாது. பாதுகாப்புக் கார் ஓடிக்கொண்டிருக்கையில், ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த கார்களில் இருவருக்கும் இடையில் நின்ற ஐந்தை மட்டும் முந்திச் செல்ல விட்டார் பந்தயப் பணிப்பாளர். ஒரேயொரு சுற்று மீதமிருந்தது. புது டயரோடு நின்ற வெர்ஸ்டப்பன், முன்னணியில் இருந்த ஹமில்டனை முந்தினார். மனிதத் தவறு நேர்ந்தது, முடிவு செல்லும் என்று சம்மேளனம் 2022 மார்ச்சில் அறிக்கையிட்டது. விதியின் வாசகமும் திருத்தப்பட்டது. ஆனால் பந்தயத்தன்று எந்தப் புதுவிதியும் வரவில்லை. இருந்த விதியை வாசித்தவிதம்தான் பட்டத்தைத் தீர்மானித்தது.

இன்னொரு வகை விதி, நமக்கு நெருங்கிப் பழகியது. இலங்கையின் கல்முனைக் கரையோரத்தில் உயர்தரம் எழுதிய பிள்ளை இருக்கும் வீட்டில் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கேற்ப, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கல்முனை அடங்கும் அம்பாறை அவற்றில் ஒன்று. போர்முலா 1இலும் காற்றுச் சுரங்கச் சோதனை நேரம் இப்படித்தான் பகிரப்படுகிறது: முதலிடம் பெற்ற அணிக்கு அடிப்படை அளவின் 70 வீதம், பத்தாவதற்கு 115 வீதம். பந்தயத்தில் யாருடைய விநாடியையும் இது பறிப்பதில்லை. தயாராகும் வாய்ப்பை மட்டும் சாய்க்கிறது. அதனால் பலனும் மெதுவாகவே வரும். குறைந்த நேரம் கிடைத்த ரெட் புல் 2023இல் 22 பந்தயங்களில் 21ஐ வென்றது. அந்த ஆண்டு நான்காவதாக வந்த மெக்லாரன் 2024இலும் 2025இலும் அணிப்பட்டத்தைப் பெற்றது. இதற்கு இவ்விதி மட்டுமே காரணமென்று நிறுவ முடியாது.

விதிமாற்றங்களில் நான் ஆதரிக்கக்கூடியது இந்த வகைதான். ஆனால் அது எதை அளக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. மாவட்டத்தை அலகாகக் கொண்டால் கல்முனை நகரப் பிள்ளையும் அதே மாவட்டத்தின் உட்புறத்து மகாஓயாப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தரவரிசையை அலகாகக் கொண்டால், 2025இல் கடைசியாக வந்த அல்பைன் கூடுதல் நேரம் பெறுகிறது. அதன் பெரும்பங்கு உரிமையாளர் கார் நிறுவனமான ரெனோ. வசதி குறைந்த அணியையும் வசதியிருந்தும் சறுக்கிய அணியையும் அந்த அட்டவணை பிரித்தறிவதில்லை.