குருதி சொல்லும் விடைக்காகக் காத்திருக்கலாமா?
ஓட்டிசத்தைக் குருதிப் பரிசோதனையால் கண்டறிய முடியுமா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்த எதிர்பார்ப்புக்கு வலுவூட்டியது. நான்கு முதல் ஆறு வயதுக்குட்பட்ட, ஓட்டிசமுள்ள 69 குழந்தைகளினதும் ஏனைய 35 குழந்தைகளினதும் குருதி ஒப்பிடப்பட்டது. கொழுப்பைக் காவும் புரதங்கள் சிலவற்றிலும் நோயெதிர்ப்புப் புரதங்கள் சிலவற்றிலும் வேறுபாடு தென்பட்டது.

ஆயினும், குழுக்களிடையே காணப்படும் வேறுபாடு தனியொரு குழந்தைக்கான தீர்ப்பாகிவிடாது. இன்றும் குழந்தையின் நடத்தையையும் வளர்ச்சியையும் அவதானித்தே வைத்தியர்கள் ஓட்டிசத்தை உறுதிசெய்கின்றனர். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராத, பேச்சுத் தாமதமான பிள்ளையை உடனே வைத்தியரிடம் காட்டுவதே பெற்றோரின் கடமை. ஆய்வுகூடம் பொறுத்திருக்கலாம், பிள்ளையின் வளர்ச்சிக்காலம் பொறுத்திராது என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.