நுண்ணறிவை அளத்தல்: ஒரு கருவி தீர்ப்பாக மாறிய வரலாறு

மனிதனின் நுண்ணறிவை ஓர் எண்ணால் குறிப்பிடும் வழக்கம் பாடசாலை, மருத்துவமனை, நீதிமன்றம் எனப் பல துறைகளில் வேரூன்றியுள்ளது. ஒருவரது நுண்ணறிவு ஈவு 100 என்றோ 75 என்றோ கூறப்படும்போது, உயரத்தையும் எடையையும் போன்று அவரோடு பிறந்த ஓர் அளவு கூறப்படுவதாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால், நுண்ணறிவுச் சோதனையை முதலில் வகுத்தவர் அதன் பெறுபேற்றுக்கு அத்தகைய பொருள் கொடுக்க மறுத்தார். அவரது மறைவையொட்டிய ஆண்டுகளில் வேறொரு நாட்டிலேயே அப்பொருள் அதன்மீது ஏற்றப்பட்டது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதன் சுமையைத் தாங்கியோர் யாவர் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

பாரிஸில் தோன்றிய சோதனை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் பலர் நுண்ணறிவைத் தலையின் அளவைக் கொண்டு மதிப்பிட முயன்றனர். பிரான்சிய உளவியலாளர் அல்பிரட் பினேயும் (1857-1911) அம்மரபைப் பின்பற்றியே தமது ஆய்வைத் தொடங்கினார். ஆசிரியர்கள் திறமையானவர் எனவும் பின்தங்கியவர் எனவும் பிரித்துக் காட்டிய மாணவரின் தலைகளை அவர் அளந்தார். இரு சாராருக்குமிடையே காணப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகவே இருந்தது. அதனினும் அவரைக் கலக்கியது மற்றோர் ஐயமாகும். தாம் எதிர்பார்க்கும் முடிவின் பக்கம், தாமறியாமலே தமது அளவீடு சாய்கின்றதோ என அவர் அஞ்சினார். அந்த ஐயத்தை மறைக்காது எழுதியும் வைத்தார். தம் கையையே ஐயுற்ற இந்நேர்மை அவரது பிற்காலப் பணிக்கும் அடிப்படையாயிற்று எனலாம்.

1882இல் பிரான்சில் ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அதன் விளைவாக, வழமையான வகுப்பில் கற்க இடர்ப்படும் பிள்ளைகளை இனங்காண வேண்டிய தேவை எழுந்தது. 1904இல் கல்வியமைச்சு இதற்கென ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதில் அங்கம் வகித்த பினே, மருத்துவர் தியோடர் சிமோனுடன் இணைந்து 1905இல் 30 சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்தல், படத்திலுள்ள பொருள்களைப் பெயரிடுதல், எண்களைத் திருப்பிக் கூறுதல் என எளியவற்றில் தொடங்கி, நுண்பொருட் சொற்களிடையே வேறுபாடு காணல் வரை அவை படிப்படியாகக் கடினமாயின. 1908ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சோதனைகள் வயது வாரியாக வகுக்கப்பட்டன. எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுக்குரியவற்றையே செய்ய முடிந்தால், அப்பிள்ளைக்கு மேலதிக உதவி தேவை என்பதே அதன் பொருள்.

இவ்வளவுகோல் பிறவித் திறனை அளப்பதாக பினே உரிமை கோரவில்லை. நுண்ணறிவு பல திறன்களின் கூட்டு என்பதும் அது பயிற்சியால் வளரக்கூடியது என்பதும் அவரது நிலைப்பாடாகும். நுண்ணறிவு மாறாத அளவு கொண்டது என்ற கருத்தை 1909இல் வெளியிட்ட நூலில் அவர் வன்மையாகக் கண்டித்தார். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கும் பயிற்சிகளையும் வகுத்தார்.

அத்திலாந்திக்கைக் கடந்தபோது

பினே 1911இல் மறைந்தார். மறுவருடமே ஜெர்மனிய உளவியலாளர் வில்லியம் ஸ்டேர்ன் உள வயதை உண்மை வயதால் வகுத்து ஓர் ஈவைப் பெறும் முறையை முன்வைத்தார். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டேர்மன் 1916இல் அளவுகோலைத் திருத்தியமைத்தபோது, அந்த ஈவை 100ஆல் பெருக்கும் வழக்கத்தை நிலைநாட்டினார். பிள்ளையின் தேவையைச் சுட்டிய அடையாளம் இவ்வாறு தனியோர் எண்ணாகியது. அவ்வெண் குறிப்பது பெரிதும் பரம்பரையாக வரும் திறனையே என டேர்மனும் அவரது சகாக்களும் நம்பினர்.

பினேயின் அளவுகோலை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தியவர் நியூ ஜேர்சியில் பணியாற்றிய ஹென்றி கொடார்ட் ஆவார். நியூயோர்க்கின் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய வறிய குடியேறிகளிடம் 1913இல் அவரது உதவியாளர்கள் சோதனை நடத்தினர். நீண்ட கடற்பயணத்தால் களைத்து, அந்நாட்டு மொழியறியாது, பலர் பேனாவையே பிடித்தறியாது நின்ற அம்மக்களுள், சோதிக்கப்பட்ட சிறுதொகையினரில் ஐந்தில் நால்வர் அளவினர் மதிகுன்றியோர் எனக் கணிக்கப்பட்டனர்.

முதல் உலகப்போரில் இது பேரளவில் நிகழ்ந்தது. ரொபட் யேர்க்ஸின் தலைமையில் 1917-1918 காலப்பகுதியில் சுமார் 17.5 இலட்சம் படையினர் சோதிக்கப்பட்டனர். எழுத்தறிவுள்ளோருக்கு ஒரு சோதனையும், எழுத்தறிவற்றோருக்கும் ஆங்கிலம் அறியாதோருக்கும் படங்களாலான மற்றொன்றும் வழங்கப்பட்டன. பின்னையதில் வலையற்ற டென்னிஸ் மைதானத்தின் படமொன்று காட்டப்பட்டு, அதில் இல்லாததை வரையுமாறு பணிக்கப்பட்டது. அவ்விளையாட்டைக் கண்டிராத ஒரு விவசாயியின் மகன் எவ்வாறு விடை பகர்வான்? முடிவில், வெள்ளையினப் படையினரின் சராசரி உள வயது 13 என அறிவிக்கப்பட்டது. ஒரு தேசத்தின் வளர்ந்த ஆண்கள் சிறுவரின் அறிவு நிலையிலேயே உள்ளனர் என்ற இம்முடிவு, சோதனையின்மீதே ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டும். மாறாக அது மக்கள்மீது ஐயத்தை எழுப்பியது.

இப்போர்க்காலத் தரவுகளிலேயே அதற்கான மறுப்பும் அடங்கியிருந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூடக் குடியேறிகளின் புள்ளிகளும் உயர்ந்தன. இருபது ஆண்டுகள் வாழ்ந்தோர் அங்கு பிறந்தோருக்கு நிகராக விளங்கினர். சோதனை அளந்தது பெருமளவுக்கு மொழிப் பழக்கத்தையும் பண்பாட்டுப் பரிச்சயத்தையுமே என்பதற்கு இது தக்க சான்றாகும். ஆயினும், கார்ல் பிரிகாம் 1923இல் வெளியிட்ட நூலில், பின்னர் வந்த இனத்தவர் தரத்தில் தாழ்ந்தோர் என்பதே இதன் பொருள் என வாதிட்டார். அடுத்த ஆண்டு நிறைவேறிய குடிவரவுச் சட்டம், 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் பதிவான ஒவ்வொரு நாட்டினரின் தொகையில் 2 சதவீதமாக வருகையை மட்டுப்படுத்தியது. தென், கிழக்கு ஐரோப்பியர் பெருந்திரளாக வருமுன்னைய ஆண்டு அதுவாகும். அச்சட்டத்துக்குச் சோதனைகள் மட்டும் காரணமல்ல. எனினும், இனத்தரம் பேசியோருக்கு அவை விஞ்ஞானத்தின் குரலை இரவல் கொடுத்தன. 1930இல் பிரிகாம் தமது முடிவுகள் ஆதாரமற்றவை எனப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார். ஆனால், சட்டம் நிலைத்திருந்தது.

ஓர் எண், மூன்று தலைமுறைகள்

வேர்ஜீனியாவைச் சேர்ந்த கெரி பக் என்ற ஏழைப் பெண், வளர்ப்புப் பெற்றோரின் உறவினன் ஒருவனால் வல்லுறவுக்குள்ளாகிக் கருவுற்றார். 1924இல் அவர் மதிகுன்றியோருக்கான விடுதியில் அடைக்கப்பட்டார். சோதனையில் அவரது உள வயது 9 எனக் கணிக்கப்பட்டது. அவரது தாயும் அதே விடுதியில் இருந்தார். கைக்குழந்தையான மகள் விவியனும் பார்வைக்கு இயல்பற்றவளாகத் தோன்றுவதாகச் சாட்சியமளிக்கப்பட்டது. மூன்று தலைமுறைகளிலும் மதிக்குறைவு உண்டெனக் கூறி, 1927இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையால் அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. இத்தகைய சட்டங்களால் அந்நாட்டில் 60,000க்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர். சிறுமி விவியன் பாடசாலையில் சிறந்த மாணவியர் பட்டியலில் இடம்பெற்று, எட்டு வயதில் நோயால் மறைந்தாள். கெரி பக் 1983 வரை வாழ்ந்தார். வேர்ஜீனியாவின் ஆளுநர் அம்மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கோரியது 2002ஆம் ஆண்டிலேயாகும்.

மீண்டும் பினேயிடம்

நியூசிலாந்துப் பல்கலைக்கழகமொன்றில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளின் 1984இலும் 1987இலும் வெளியிட்ட ஆய்வுகள், பல நாடுகளில் சராசரிப் புள்ளிகள் தலைமுறைதோறும் உயர்ந்து வந்ததைப் புலப்படுத்தின. அமெரிக்காவில் அவ்வுயர்வு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளிகளாகும். தனியாட்களிடையேயான வேறுபாட்டில் பரம்பரைக்குப் பங்குண்டு என்பதை இரட்டையர் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், இத்துணை விரைவான மாற்றத்தைப் பரம்பரையால் விளக்க இயலாது. கல்வி, போசாக்கு, வாழ்க்கைச் சூழல் என்பனவே அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

நீதிமன்றமும் காலப்போக்கில் எண்ணின் எல்லையை உணர்ந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கு மரண தண்டனை நிறைவேற்றலாகாது என அமெரிக்க உயர் நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஆனால், புளோரிடா மாநிலம் 70 புள்ளிகளை வரம்பாகக் கொண்டு, 71 பெற்ற பிரெடி லீ ஹோல் என்பவருக்கு அப்பாதுகாப்பை மறுத்தது. ஒவ்வொரு சோதனைக்கும் அளவீட்டுப் பிழை உண்டு, பெறுபேறு ஒரு வீச்சேயன்றி ஒரு புள்ளியல்ல எனக் கூறி, 2014இல் நீதிமன்றம் அக்கடும் வரம்பை நிராகரித்தது. கெரி பக்கின் வழக்கில் தீர்ப்பளித்த அதே மன்றம் இவ்வுண்மையை ஏற்க 87 ஆண்டுகள் சென்றன.

நுண்ணறிவுச் சோதனை பயனற்ற கருவியன்று. கற்றலில் இடர்ப்படும் பிள்ளையை இனங்காணவும், மூளைக் காயமுற்றோரின் நிலையை அறியவும் அது உதவுகின்றது. இப்பயன்கள் யாவும் உதவியை நோக்கியவை. யாருக்குக் கைகொடுக்க வேண்டும் என்று அறிய வகுக்கப்பட்ட சோதனை, யாரை விலக்கலாம் என்று கேட்கப்பட்டபோதே தீங்காகியது. சோதனை நடத்துவோர் யாவரும், அன்று பாரிஸில் தம் கையையே ஐயுற்ற அம்மனிதரின் தயக்கத்தை நினைவிற்கொள்வது பொருத்தமாகும்.