மண்சட்டியும் மாவலியும்: எங்க பக்கத்து அடைமழைக் காலச் சமையல் வரலாறு



மலருக்கு ஏதாவது எழுதிக் குடுன்னு கேட்டாங்க. கடன் வாங்கி மாடு வாங்கின கதை, தையல் மிஷின் வாங்கின கதையெல்லாம் மத்தவங்க எழுதுவாங்கன்னு தெரியும். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள், எனக்குத் தெரிஞ்சது அடுப்படி. அதனால ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம்ம பக்கத்துப் பொம்பளைங்க என்ன சமைச்சாங்க, எப்படிச் சமைச்சாங்க, கையால என்ன செஞ்சாங்கன்னு எழுதலாம்னு நினைச்சேன். அதுக்கு வரலாறு உண்டான்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் கேட்டேன்.

இது ஆரம்பிச்சது ஒரு சிரிப்பில். சென்னையில் வேலை பார்க்கிற எங்க நாத்தனார் மகள் போன வருஷம் ஒரு மின்சாரச் சட்டி கொண்டு வந்தாள். பேர் ஸ்லோ குக்கர். காலையில் பருப்பும் காயும் போட்டு மூடி வச்சிட்டு ஆபீஸ் போனால் சாயங்காலம் வெந்திருக்குமாம். எட்டு மணி நேரம். எங்க மாமியார் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே வழவழன்னு ஒரு மண் பாத்திரம்தான். "இதுக்கா இவ்ளோ துட்டு? இதைத்தானடி நாங்க கொடியடுப்புல வச்சிட்டு களை வெட்டப் போனோம்" என்றார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஊர் நூலகத்திலும், என் பையனோட தமிழய்யாகிட்டயும் கேட்டுக் கேட்டுத்தான் இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன்.

முதலில் நம்ம மண்ணைப் பத்தி. நம்ம பிரம்மதேசம் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருக்கு. (எண்ணாயிரம் பக்கத்தில் இன்னொரு பிரம்மதேசம் இருக்கு, பெரிய சோழர் கோயில் உள்ள ஊர். நிறையப் பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க.) சங்க காலத்தில் இந்தப் பகுதிக்கு ஓய்மா நாடுன்னு பேர். ராஜா நல்லியக்கோடன். இன்னைக்குத் திண்டிவனத்தில் கிடங்கல்னு சொல்றோமே, அதுதான் அவன் ஊரான கிடங்கில். அவனைப் பாடின நூல் சிறுபாணாற்றுப்படை. பாடினவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே கடலோரமா இருக்கிற இடைக்கழிநாட்டுக்காரர்.

அந்த நூலில் ராஜா விருந்துக்கு முன்னாடி ஒரு ஏழை வீட்டு அடுப்படி வருது. கூரை விழுந்த அடுக்களை, சுவரில் காளான் முளைச்சிருக்கு, கண் திறக்காத குட்டிங்களோட ஒரு நாய் அங்கேயே படுத்திருக்கு. அந்த வீட்டுப் பொம்பளை குப்பைமேட்டில் முளைச்ச வேளைக்கீரையை நகத்தால கிள்ளி வந்து வேக வைக்கிறாள். போட உப்பு இல்லை. உப்பில்லாத கீரையைத் தின்கிறதை யாராவது பார்த்துடப் போறாங்கன்னு வெட்கப்பட்டு, கதவைச் சாத்திட்டு, சொந்தக்காரங்களோட உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

தமிழய்யா இதைச் சொன்னப்ப எனக்குக் கண்ணில் தண்ணி வந்துடுச்சு. ஏன்னா எங்க அம்மாவும் கதவைச் சாத்தி இருக்காங்க. நான் மூணாவது படிக்கும்போது ஒரு அடைமழையில் வேலை வெட்டி இல்லாம பதினைஞ்சு நாள் கிடந்தோம். அப்போ பக்கத்து வீட்டு அத்தை குழம்பு கேட்டு வந்திடக் கூடாதுன்னு எங்க அம்மா தாழ்ப்பாள் போட்டாங்க. இத்தனைக்கும் நம்ம ஊரிலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் வெள்ளை வெளேர்னு உப்பு. அதே நூலில் உப்பு வண்டி ஓட்டுகிற உமணரும் வர்றாங்க, அவங்க வண்டியோட வந்த குரங்கு அவங்க பிள்ளைங்களோட விளையாடுதாம். அந்த உப்பு வண்டி போன நாட்டில்தான் இந்த அம்மா உப்பில்லாம வேக வச்சிருக்கிறாள்.

அப்புறம் பாணன் கிடங்கில் போகிற வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும்னு நூல் சொல்லுது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன். அது இன்னைய மரக்காணம்தான்னு அறிஞர்கள் சொல்றாங்க. வேலூரில் புளி சேர்த்த சூடான சோறும் கறியும். ஆமூரில் குத்தின வெள்ளைச் சோறும் நண்டும். கடல் பக்கம் மீன், காட்டுப் பக்கம் புளிச்சோறு, வயல் பக்கம் நெல்லுச்சோறும் நண்டும்னு அப்பவே இருந்திருக்கு. மிளகாய், தக்காளி, மல்லாட்டை எதுவும் அப்போ கிடையாது. மிளகாயும் மல்லாட்டையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. மணிலாக் கொட்டை என்கிற பேர்தான் நம்ம வாயில் மல்லாட்டையாச்சு. மணிலா பிலிப்பைன்ஸில் இருக்கு. ஆயிரத்து எண்ணூறுகளில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மல்லாட்டை பிரான்ஸ் தேசத்து மர்சேய் ஊருக்கு எண்ணெய்க்கும் சோப்புக்கும் கப்பல் கப்பலாப் போச்சு. நம்ம ஆயாங்க உரிச்ச கொட்டை யார் யார் துணியையோ வெளுத்திருக்கு!

எண்ணாயிரம்னு சொன்னேனே, அங்கே ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. ஆயிரம் வருஷம் ஆகப் போகுது. அங்கே ஒரு பெரிய வேதப் பாடசாலை நடந்திருக்கு, சின்ன வகுப்பில் 270 பேர், பெரிய வகுப்பில் 70 பேர், சொல்லிக் கொடுக்க 14 ஆசிரியர்கள். ஆளுக்குத் தினம் இவ்வளவு நெல்லுன்னு அளந்து எழுதி வச்சிருக்காங்க. படிச்சதும் எனக்கு வந்த கேள்வி இதுதான்: 340 பிள்ளைங்களுக்கு அந்த நெல்லைக் குத்தினது யாரு? இன்னைக்குக் காலை உணவுத் திட்டத்தில் நம்ம குழுப் பொம்பளைங்கதான் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாங்க. அது 2022 செப்டம்பர் 15-ல் ஆரம்பிச்சது. விடிய நாலு மணிக்கு எழுந்து ரவை வறுக்கிறவங்களுக்குத்தான் அந்தக் கேள்வியோட கனம் தெரியும்.

இப்ப கொடியடுப்புக்கு வர்றேன். சின்ன வயசுப் பொண்ணுங்களுக்குத் தெரியாதுன்னு விவரமாவே எழுதுறேன். மண்ணால போட்ட அடுப்பு. விறகு வைக்கிற வாய் ஒண்ணுதான். பெரிய குழிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் குழி, ரெண்டுக்கும் நடுவில் ஒரு துவாரம். பெரிய குழியில் சோறு பொங்குற தீயோட மிச்ச அனல் அந்தத் துவாரம் வழியாக சின்னக் குழிக்குப் போகும். அங்கே பருப்போ கொள்ளோ மெதுவா வேகும். தனியா ஒரு குச்சி விறகு செலவில்லை. சோறு வடிச்சதும் விறகை இழுத்துட்டு, நீறு பூத்த கங்கு மேல குழம்புச் சட்டியை வச்சிடுவாங்க. மண் சீக்கிரம் சூடாகாது, சூடானா சீக்கிரம் ஆறாது. அதான் விஷயம்.

மழைக்காலத்துக்குன்னு உமி அடுப்பு இருந்தது. சவுக்கு விறகெல்லாம் நனைஞ்சு புகையும்போது, மில்லில் இருந்து வந்த உமியைத் தகர டின்னில் போட்டு, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுத்தி நல்லா இடிச்சுக் கெட்டிப்படுத்துவாங்க. பாட்டிலை உருவினா நடுவில் குழாய் மாதிரி ஓட்டை. கீழே பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதில் பத்த வைக்கணும். மணிக்கணக்கா நின்னு எரியும். ராத்திரி கொள்ளைப் போட்டு வச்சிட்டுப் படுத்தா விடியக் காலையில் நசுக்கினா மாவா இருக்கும். வடிச்ச தண்ணியில் மிளகு, பூண்டு தட்டிப் போட்டு ரசம். மழைச் சளிக்கு அதுக்கு மேல மருந்து கிடையாது.

கேவுரு கூழும் அப்படித்தான். முந்தின நாள் மாவைக் கரைச்சுப் புளிக்க விட்டு, நொய்யை வேக வச்சு, மாவை ஊத்தித் துடுப்பால கிண்டி, கங்கு மேல மூடி வச்சிட்டா அவங்க வேலை முடிஞ்சது. நாத்து நடப் போனவங்க திரும்பி வரும்போது கூழ் தயார். எங்க மாமியார் சொன்னதுக்கு அர்த்தம் இதுதான். மெதுவாச் சமைச்சது பொழுது போகாம இல்லை, பொழுதே இல்லாமல்தான்.

இது நம்ம நாட்டு வழக்கம் மட்டும் இல்லை. ஐரோப்பாவில் யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள், அடுப்பு பத்த வைக்கக் கூடாது. அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலமே பயறும் கறியும் போட்ட சட்டியை ஊர் ரொட்டிக் கடை அடுப்பில் வச்சிட்டு, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவாங்களாம். அதுக்குச் சோலண்ட்னு பேர். லித்துவேனியா நாட்டில் தன் பாட்டி அப்படிச் சமைச்சதை அம்மா சொல்லக் கேட்ட இர்விங் நாக்சன் என்பவர்தான் அமெரிக்காவில் மின்சாரச் சட்டி செஞ்சு 1940-ல் காப்புரிமை வாங்கினார். 1971-ல் அது கிராக் பாட்னு பேர் மாறி வித்தது, வேலைக்குப் போற பொம்பளைங்க போட்டி போட்டு வாங்கினாங்க. நம்ம நாட்டிலும் 1910-ல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்கிற டாக்டர் இக்மிக் குக்கர்னு ஒண்ணு செஞ்சார். அடியில் கொஞ்சம் கரி, மேலே அடுக்கு அடுக்கா பாத்திரம், ஆவியிலேயே எல்லாம் வெந்துடும். நாக்சன் சொன்ன மாதிரி பாட்டி கதையைச் சொல்லிக் காப்புரிமை வாங்க நம்ம ஊரில் யாருக்கும் தோணலை.

பழசெல்லாம் நல்லதுன்னு சொல்ல வரலை. எங்க அம்மாவுக்கு இன்னைக்கும் இருமல் நிக்கலை. முப்பது வருஷம் ஊதுகுழல் ஊதின நெஞ்சு. டாக்டர் "பீடி பிடிப்பீங்களா"ன்னு கேட்டார், எங்க அம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு. கேஸ் அடுப்பு வந்த அன்னைக்கு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பத்த வச்சுப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கு. குக்கர் விசில் மூணு அடிச்சாப் பருப்பு வெந்துடுது, நானும் அதில்தான் வைக்கிறேன். மண்சட்டி பரணுக்குப் போச்சு. எங்க தெருக்கோடியில் சட்டி வனைஞ்சவர் வீட்டுப் பிள்ளைங்க கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க.

அந்தச் சட்டி கீழே இறங்கினது ஃபெஞ்சல் புயலில். 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. உங்க எல்லாருக்கும் அது தெரிஞ்ச கதைதான். எங்க தெருவில் கரண்ட் இல்லை, இண்டக்ஷன் வச்சிருந்தவங்க முழிச்சாங்க. எங்க வீட்டு சிலிண்டர் அன்னைக்குன்னு தீர்ந்து போச்சு. மாமியார்தான் பரணில் இருந்து சட்டியை இறக்கச் சொன்னார். மாட்டுக் கொட்டகை மூலையில் ஒரு மூட்டை உமி நனையாம இருந்தது. திண்ணையில் வச்சுத்தான் பத்த வச்சோம். கதவைச் சாத்தின ரூமுக்குள்ள கங்கு வைக்கவே கூடாது, ஆளைக் கொல்லும். மரக்காணத்துக் கருவாடு, கத்தரிக்காய், ரெண்டு கை மொச்சைக்கொட்டை, புளி. ஒரே சட்டிக் குழம்பை நாலு வீட்டுப் பிள்ளைங்க சாப்பிட்டாங்க. எங்க வீட்டுக் கதவு அன்னைக்குத் திறந்தே கிடந்தது. எங்க அம்மாவை நினைச்சுக்கிட்டேன்.

புதுச்சட்டி வாங்குறவங்களுக்கு ஒண்ணு. வாங்கின உடனே அடுப்பில் ஏத்தாதீங்க, வெடிச்சிடும். அரிசி கழுவின தண்ணியை ஊத்தி ரெண்டு மூணு நாள் மாத்தி மாத்தி ஊற வச்சு, அப்புறம் கஞ்சித் தண்ணி ஊத்திச் சின்னத் தீயில் கொதிக்க விட்டுப் பழக்கணும்.

புயல் போன பதிமூணாம் நாள், டிசம்பர் 13, கார்த்திகை தீபம். இந்தப் பக்கம் கார்த்திகைன்னா அகல் மட்டும் இல்லையே, மாவலியும்தானே. திருவண்ணாமலை, கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு அதுதான் பட்டாசு. ஆண் பனையில் வர்ற பூவைக் காய வச்சு, குழியில் போட்டுக் கொளுத்தி, நல்லாக் கனிஞ்சு சிவந்ததும் மண்ணைத் தள்ளி மூடிடணும். சாம்பலாக விடாம கரியா எடுக்கிறதுலதான் கைத்திறமை இருக்கு. ஆறின பிறகு அந்தக் கரியை அம்மியில் நைசா அரைச்சு, பழைய பருத்தி வேட்டித் துணியில் நீளமாச் சுருட்டி இறுக்கிக் கட்டணும். அதை மூணு பனைமட்டைக் கீத்துக்கு நடுவில் வச்சுக் கட்டி, நீளமாக் கயிறு விட்டு, நுனியில் நெருப்புக் கங்கு வச்சுச் சுத்தினா, பூ மாதிரிப் பொறி வட்டமாப் பறக்கும். மாவலியோ மாவலின்னு பிள்ளைங்க கத்துவாங்க. மகாபலி ராஜா பேர்தான் மாவலின்னு பெரியவங்க சொல்றாங்க.

அந்த வருஷம் பனம்பூ எல்லாம் மழையில் ஊறிப் போச்சு. எங்க மாமியார் ஐப்பசியிலேயே கரி போட்டு ஒரு தோண்டியில் வாய்க்கட்டி வச்சிருந்தார். தெருவுக்கே அதுதான். அவருக்கு இப்போ விரல் மடங்குறதில்லை, துணியைச் சுருட்ட முடியாது. அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நாங்க குழுவில் அஞ்சு பேர் கட்டினோம். நான் கட்டின முதல் மாவலி சுத்தும்போதே அவிழ்ந்து என் புடவை முந்தியில் ஓட்டை விழுந்தது. ரெண்டாவது நின்னது. போன வருஷம் முப்பது கட்டி ஊருக்குள்ளேயே வித்தோம், கயிறு செலவு போகக் கொஞ்சம் காசு குழுவில் சேர்ந்திருக்கு.

கரி போடுற குழி எங்க வீட்டுப் பின்பக்கம்தான் இருக்கு. மாமியார் ஐப்பசி பொறந்ததும் பனம்பூ காயுதான்னு கேட்க ஆரம்பிச்சிடுவார். கட்டக் கத்துக்கணும்னா கார்த்திகைக்குப் பத்து நாள் முன்னாடி வாங்க. பழைய வேட்டித் துணியும் மூணு மட்டையும் நீங்களே கொண்டு வரணும். குழம்பு எங்க வீட்டில்.